பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஒரு கட்டம்

துணிக்கு டிசைன் போடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தபோது ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். புது டிசைன் எங்கிருந்து வரும்? நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இயற்கை, கோயில் சிற்பம், பழைய ஓவியம் என்று ஏதேதோ சொன்னேன். நீங்களும் மரியாதைக்குக் குறித்துக்கொண்டீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகு என் மனைவி லில்லி உள்ளேயிருந்து வந்து, "நீங்க எந்தக் கோயில்ல போய்ப் பாத்தீங்க?" என்று கேட்டாள். ஆகவே உண்மையை எழுதி அனுப்புகிறேன். அன்று குறித்துக்கொண்டதை அடித்துவிடுங்கள்.

முப்பத்து நான்கு வருஷம் நான் கட்டம் போட்டேன். கைலிக்கும் ஏற்றுமதித் துணிக்கும் எந்த நிறக் கோடு எத்தனை இழை, அடுத்த கோடு எவ்வளவு தள்ளி என்று தீர்மானிக்கும் வேலை. உங்களுக்குக் கோடு அச்சிட்ட தாளும் வண்ணப் பென்சிலும் இருக்கின்றன. எங்களுக்கு ஓர் அட்டைத்துண்டு. அதன்மேல் நூலைச் சுற்றிச் சுற்றி முதலாளியிடம் நீட்டுவோம். அவர் சரி என்றால் அது தறிக்குப் போகும். அதைத் தவிர எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 1934இலிருந்து நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். மழை பெய்த நேரம், கப்பல் வந்த கிழமை, படித்த புத்தகம், பக்க எண் எல்லாம் இருக்கும். என்னைப்போல் கவனமாகக் குறித்து வைக்கிறவன் ராயபுரத்திலேயே கிடையாது என்று அந்தக் காலத்தில் நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை 1951ஆம் வருஷம் ஆடி மாதத்தில் முடிவுக்கு வந்தது.

அந்த வருஷம் சித்திரையில் எங்கள் சாம்பிள் பெட்டி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. எங்கள் துணி ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வாங்குகிறவர்கள் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மோந்து பார்ப்பார்கள்; நுனியை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். சாயத்தின் வாசனையும் ருசியும் சரியாக இருந்தால்தான் அசல் என்று ஒப்புக்கொள்வார்கள். எங்கள் துணி அந்தப் பரீட்சையில் தேறியது. என் கட்டங்கள்தாம் தேறவில்லை.

முதலாளி தென்கோடிச் சீமையிலிருந்து பட்டணத்துக்கு வந்து, ராயபுரத்தில் கடை போட்டு, ஏற்றுமதிவரை வளர்ந்தவர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று மிகவும் தாழ்ந்திருந்தது.

"என்னவே, இதும் திரும்பி வந்துட்டு. 'இவற்றை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்'னு எழுதியிருக்கான். அவன் பாத்திருக்கான், நானும் பாத்திருக்கேன். நீரு மட்டுந்தான் புதுசுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீரு."

"புதிதாகத்தான் முயற்சி செய்கிறேன், முதலாளி."

"ஆடிக் கடைசி சனிக்கெழம கப்பல் இருக்கு. அந்தப் பெட்டியில ஒண்ணே ஒண்ணு, புதுசா இருக்கணும். இல்லன்னா நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதியும்."

எனக்கு முப்பத்தெட்டு வயது. கட்டம் போடுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? புத்தகம் படிப்பான். நானும் படித்தேன். பாரசீகக் கம்பளங்கள், ஸ்காட்லாந்து மலைவாசிகளின் போர்வைகள், கிரேக்கத் தூண்கள் என்று அந்த இரண்டு மாதத்தில் நான் படித்த புத்தகங்களின் பட்டியல் தேதிவாரியாக டைரியில் இருக்கிறது. கிரேக்கத் தூண்களைப் பார்த்து ஒரு கட்டம் போட்டுக்கொண்டு போனேன். முதலாளி அதைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்துவிட்டு, "சிமிட்டிக் கம்பெனிக்காரன்கிட்ட காட்டும். வாங்குவான்" என்றார்.

இதே சமயத்தில் எங்கள் வீடு ஒழுக ஆரம்பித்தது.

வீடு லில்லியின் அப்பா கட்டியது. ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே. யுத்தத்தின்போது குண்டு விழும் என்று ஊரே காலி செய்து ஓடியதல்லவா? அப்போது பூட்டியது. பிறகு மாமனார் திரும்பி வந்து கொஞ்ச காலம் இருந்தார். பிறகு யார் யாரோ குடியிருந்தார்கள். எங்கள் கைக்கு வந்தபோது மாடியில் செடி முளைத்திருந்தது, ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று அரித்திருந்தது. ஐப்பசி மழைக்குள் தளத்தைப் புதிதாகப் போடாவிட்டால் கூரை தலையில் விழும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வேலை போகப்போகிறது என்று லில்லியிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஆகவே மறுக்கவும் வழியில்லை. ஆனி இரண்டாம் வாரம் வேலை தொடங்கியது.

செங்கல்லை நெட்டாக அடுக்கி, மேலே சுண்ணாம்பும் ஜல்லியும் கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அப்போதுதான் தளம் இறுகும். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு டைரியோடு அங்கே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கூடை சுண்ணாம்பு, எத்தனை மணிக்கு அடிக்கத் தொடங்கினார்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் எல்லாம் எழுதினேன். நான்கு பெண்களில் ஒருத்திக்கு இது பொறுக்கவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். வாய் மட்டும் அனுபவம் மிக்கது.

"இன்னா சாமி, நாங்க எச்சி முய்ங்கறதகூட எய்திக்கினு கீறியா?"

"பின்னால் ஒருநாள் உபயோகப்படும்" என்றேன்.

"ஆருக்கு?"

மற்ற மூவரும் கட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். 'பணி நிறுத்தம், மூன்று நிமிஷம்' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அது நடந்தது. கடுக்காய்த் தண்ணீரை வடிகட்டத் துணி கிடைக்கவில்லை. அந்தப் பெண் மாடி அறைக்குள் போய்க் கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டாள். அது நான் புதுக் கட்டத்தைத் தீட்டிப் பார்ப்பதற்கு என்று வைத்திருந்த, சலவைக்குப் போகாத கோராத் துணி, இரண்டு கஜம். வடிகட்டி முடித்து, ஈரத்தோடு இரண்டாக மடித்து, அறையின் ஜன்னல் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை நான் போய் அவிழ்த்தேன். துணி முழுக்கக் கோடுகள். கறுப்பாகச் சில, சாம்பலாகச் சில. உருண்டைக் கம்பி பட்ட இடத்தில் மெல்லிசாக. குறுக்கே ஓடிய தட்டை இரும்பு பட்ட இடத்தில் பட்டையாக. கோட்டின் ஓரமெல்லாம் லேசாகக் கசிந்து கடுக்காய் மஞ்சளில் கரைந்திருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் மூவரும் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் செய்ததைக் கேளுங்கள்.

கத்தினேன். "யார் இதை எடுத்தது? இது என்ன துணி தெரியுமா?"

"தெர்யும். வெள்ளத் துணி" என்றாள்.

"இப்போது என்ன ஆகியிருக்கிறது பார்!"

அவள் எழுந்து வந்து, இரண்டு முனையையும் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தாள். "இப்ப கட்டம் போட்ட துணி. கைலி கணக்கா சோக்காத்தான் கீது. கட்டிக்கினு போ சாமி, ஆபீசுல எல்லாரும் எங்க வாங்கனேனு கேப்பாங்கோ."

தொழிலில் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் வழி சொன்னதில்லை. நான் துணியை அவள் கையிலிருந்து பிடுங்கி லில்லியிடம் எறிந்தேன். அன்றைய டைரியை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தே எழுதுகிறேன்: 'புதன். சித்தாள் 3இன் அஜாக்கிரதையால் கோராத் துணி இரண்டு கஜம் பாழ். மாலை புத்தகம் படித்தேன். புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.'

சித்தாள் 3 என்பது அவள்தான். அவள் பெயரை நான் கேட்கவில்லை. அந்த வாரம் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறேன்.

ஆடி பிறந்ததும் தளம் முடிந்தது. அடுத்தது மாடி அறையின் ஜன்னல். அந்தப் பழைய ஜன்னலைப் பார்த்தாலே எனக்குக் கூசும். கம்பிகள் ஒன்றுக்கொன்று ஒட்டியும் விலகியும் நின்றன. ஒன்று உருண்டை, ஒன்று சதுரம். பட்டறைக்காரரை அழைத்து எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லி, புதுக் கம்பிகளைச் சரியாக நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக வைக்கச் சொன்னேன். அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பழைய கம்பிகள் பழைய இரும்புக்காரனின் வண்டியில் போயின. மரச்சட்டத்தின் துளைகளை மக்குப் பசையால் அடைத்து, பச்சைப் பெயிண்ட் இரண்டு கை அடித்தோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அதே பச்சை தமக்கும் வேண்டும் என்றார். லில்லி அந்த ஜன்னலை ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைத்தாள். இருபது வயதில் விட்டுப் போன வீட்டை மறுபடி பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள்.

கப்பல் சனிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, வேறு எங்கே போவது என்று தெரியாமல் திருவொற்றியூருக்குப் போனேன். எங்கள் நூலுக்குச் சாயம் போடுகிறவரின் கொட்டகை அங்கே இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை. இனிப்பும் துவர்ப்பும் கலந்த புளித்த வாசனை. மூன்று வாரமாக என் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோந்த அதே வாசனை.

மூலையில் இருந்த பானையைக் காட்டி, "அதில் என்ன?" என்று கேட்டேன்.

சாயக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா அய்யா, ஒடம்புக்கு இன்னா? பதினேயு வருசமா வந்துகினு கீறீங்க. துரு புட்ச்ச இரும்பு, வெல்லத் தண்ணி. கடுக்காத் தண்ணில நனச்ச நூல இதுல முக்கினா கறுப்பு. அய்யாதான போன வருசம் புதுசா வந்த ஆளுக்குப் பாடம் நட்த்தனீங்க?"

நடத்தியிருந்தேன். அரை மணி நேரம் நடத்தியிருந்தேன். கடுக்காய், வெல்லம், துருப்பிடித்த இரும்பு மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வரும் என்பது நம் தொழிலில் அரிச்சுவடி. அந்த மூன்றும் என் வீட்டு மாடியில் தாமாகச் சேர்ந்து, கோராத் துணியில், ஒரு கட்டத்தை முழுசாகப் போட்டு, ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருந்தன. இந்த உலகத்தில் யாரும் இதற்குமுன் பார்த்திராத கட்டம். நான் அதைப் பாழ் என்று எழுதிவிட்டு கிரேக்கத் தூண்களைப் படிக்கப் போனேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கட்டம் கண்ணுக்குள் வரவே இல்லை. கறுப்பும் சாம்பலும் நினைவிருந்தன. எது எங்கே என்று நினைவில்லை. வீட்டுக்குள் ஓடினேன்.

"லில்லி, அந்தத் துணி எங்கே? மேஸ்திரி ஆட்கள் பாழ் பண்ணினதே?"

அவள் முகம் மலர்ந்தது. "பாக்கணுமா? ஏழு எலுமிச்சம்பழங்க. உப்பு போட்டுத் தேச்சித் தேச்சி, வெயில்ல போட்டு, ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேன்" என்று கட்டிலைக் காட்டினாள். அந்த இரண்டு கஜமும் தலையணை உறையாகிப் பளீரென்று சிரித்தது.

டைரியைப் புரட்டினேன். நாள் இருந்தது, கிழமை இருந்தது, துணியின் நீளம் இருந்தது. கோடுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவன் அந்தத் துணியைப் பார்க்கவே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பதற்றத்தில் ஒருவன் தனக்கு நன்றாகத் தெரிந்த தப்பையே மறுபடி செய்வான். நானும் மாடிக்குப் போய்ப் புதிய பச்சை ஜன்னலை அளந்து, கறுப்பு நூலையும் சாம்பல் நூலையும் நான்கு அங்குலக் கணக்கைச் சுருக்கி அட்டையில் சுற்றி, செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, கோடுகளுக்கு அப்பாலிருந்து பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ஜெயிலுவே இது. என்ன, என்னய உள்ள போடப் பாக்கீரா?"

"நிறம் புதிது, முதலாளி."

"நெறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்பி எண்ணவா அவன் துணி வாங்குதான்? சனிக்கெழம பன்னெண்டு மணிக்குப் பெட்டிய ஆணி அடிச்சிருவேன். அதுக்குப் பெறகு நீரு வர வேண்டியதில்ல."

புதன்கிழமை காலை அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் வேலை என்று மேஸ்திரி சொன்னார். மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க அவள்முன் நின்றேன்.

"தோ வந்துட்டாரு கணக்கப்புள்ள! இன்னா சாமி, தளம் ஒய்குதா?"

"இல்லையம்மா. அந்தத் துணி... கோடு விழுந்த துணி. அதில் கோடு எப்படி எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா?"

அவள் கட்டையைக் கீழே வைத்தாள். "அந்தத் துணிக்கா என்ன நாலு பேரு எதிர்ல அந்தக் கத்து கத்தன? இப்ப அதே துணிய கேட்டுக்கினு வெயில்ல வந்துகிற?"

"தப்புதான்."

"எய்திக்கினியே, அதுல இல்லியா?"

"இல்லை" என்றேன். வாழ்க்கையில் அதைவிடக் கூனிக்குறுகி நான் என்றும் நின்றதில்லை.

அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "கட்டமுனு சொன்னா ஒய்ங்கான கட்டம் இல்ல அது. பல்லு போன கெயவி சிரிச்சா மாதிரி. ஒரு பக்கம் ரெண்டு ஒட்டிக்கினு கீது. நடுவுல காலி. குறுக்கால ஒண்ணு தடியா, அத்த ஒட்டிக்கினு கீய இன்னொண்ணு. அளவெல்லாம் எனக்கு இன்னா தெர்யும்? போய் ஜன்னல பாரு."

"கம்பியை எல்லாம் மாற்றிவிட்டேன்."

"அய்யே. கம்பி போனா இன்னா, ஓட்ட எங்க போவும்? மரத்துலதான கீது? மக்கு வச்சி அடச்சிருப்பானுங்கோ. நோண்டிப் பாரு."

அவள் மறுபடி கட்டையை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் பெயரை அப்போதாவது கேட்டிருக்கலாம். நான் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

சமையற்கட்டிலிருந்து தேங்காய் கீறுகிற கத்தியையும் ஓர் உளியையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். காய்ந்து பத்து நாள்கூட ஆகாத பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். சத்தம் கேட்டு லில்லி வந்தாள். சட்டத்தில் பாதி, தோல் உரித்த மாதிரி ஆகியிருந்தது.

"ஐயோ ஏசப்பா! என்னங்க பண்றீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சித்திரை மாதம் முதலாளி சொன்னதிலிருந்து ஆரம்பித்து, சனிக்கிழமை பன்னிரண்டு மணிவரை. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா இத எங்கிட்ட சொல்லல. டைரில எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அதுங்கிட்ட சொல்லத் தெரியுது" என்றாள். நான் சுரண்டியதில் இரண்டு துளைகள் தெரிந்தன. மிகவும் அருகருகே. இது அந்தக் காலத்துப் பட்டறைக்காரன் செய்த தப்பாக இருக்கும், இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"தப்பு இல்ல அது" என்றாள் லில்லி. "எனக்கு அஞ்சு வயசுல தல மாட்டிக்கிச்சு. மீன் கூடக்காரம்மா போறத எட்டிப் பாக்கறேன்னு தலய வுட்டுட்டேன். எண்ண தடவி, சோப்பு தடவி, தெருவே கூடிடுச்சி. அடுத்த நாளே அப்பா அந்த எடத்துல இன்னொரு கம்பி வெச்சிட்டாரு."

நான் உளியைக் கீழே வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டாள். அவளே சுரண்டத் தொடங்கினாள். பக்கச் சட்டத்தில் இரண்டு வெட்டுகள் தெரிந்தன. "இது யுத்தத்தப்ப. இரும்பு எங்கயும் கெடைக்கல. ரெண்டு கம்பி போனதுக்கு பதிலா ஏதோ ரெண்டு பட்டய குறுக்கால போட்டாரு. அதான் நடுவுல காலி." இன்னொரு துளை சதுரமாக இருந்தது. அதன் கதை அவளுக்கும் தெரியவில்லை. அவர்களுக்குப் பின் குடியிருந்த யாரோ செய்தது. மாலைக்குள் முழுச் சட்டமும் வெளியே வந்துவிட்டது. அவள் துளைகளைச் சொல்லச் சொல்ல நான் அளந்து எழுதினேன். அந்த டைரிப் பக்கம் ஒன்றுதான் என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் உருப்படியானது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை இடைவெளிகளை நான் கண்ணுக்கு அழகாக இருக்கும்படி அமைப்பேன். கண் தனக்குப் பழகியதைத்தான் அழகு என்று சொல்லும். அதனால்தான் என் கட்டங்களை எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அந்த ஜன்னலின் இடைவெளிகளை யாரும் அழகுக்காக வைக்கவில்லை. ஒரு குழந்தையின் தலை, ஓர் இரும்புப் பஞ்சம், முகம் தெரியாத ஒரு குடித்தனக்காரர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்தது. புத்தகம் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இன்றும் படிக்கிறேன். ஆனால் உங்களுக்குக் கோணலாகப் படுவதைத் திருத்துமுன் அது ஏன் கோணல் என்று யாரையாவது கேளுங்கள்.

வியாழனும் வெள்ளியும் திருவொற்றியூரில் கழிந்தன. சாயக்காரரும் தறிக்காரரும் என்ன பாடுபட்டு ஒரு முழம் துணியைக் கொண்டுவந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அந்தத் துணியோடு கடைக்குள் நுழைந்தேன். பெட்டி திறந்திருந்தது. சுத்தியலோடு ஓர் ஆள் பக்கத்தில் நின்றார்.

முதலாளி துணியை விரித்தார். திருப்பினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மோந்து பார்த்தார். நுனியை நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, "தொவர்க்குது. நல்லது" என்றார். பிறகு ஒரு விரலை ஓர் இடத்தில் வைத்தார்.

"எல்லாம் சரிவே. இந்த எடத்துல மட்டும் ரெண்டு கோடு ஒட்டிக்கிட்டு நிக்கி. தறிக்காரன் தப்பு பண்ணிட்டானோன்னு நெனைப்பான். ஒரு கோட்ட எடுத்துருவோம். இந்தத் துண்ட அப்படியே அனுப்பிட்டு, 'இங்கே ஒரு கோடு நீக்கப்படும்'னு சீட்டு எழுதி வச்சிரும்."

பதினேழு வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. சுத்தியல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவும் சீட்டும் மேஜைமேல் இருந்தன. எழுதிவிட்டால் வேலை நிலைக்கும். நான் பேனாவை எடுக்கக்கூடச் செய்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

"எடுக்க முடியாது, முதலாளி" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"ஏன்?"

காரணமாக நிறச்சமன், பார்வையோட்டம் என்று எத்தனையோ சொற்கள் படித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "அது என் மனைவி தலை மாட்டிக்கொண்ட இடம்" என்றேன்.

முதலாளி துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். எங்கே, எப்போது, எப்படி விடுவித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். சோப்புத் தடவிய இடம் வந்ததும் சுத்தியல்காரர் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது.

"இத அவனுக்கு எழுத முடியாதுவே" என்றார் முதலாளி கடைசியில். "ஆனா ஒண்ணு. ரெண்டு கோடும் இருக்கட்டும்னு ஒரு மனுசன் வேலைய பணயம் வச்சி நிக்கான்னா, அதுல என்னமோ இருக்கு. போட்டும். திரும்பி வந்துட்டுன்னா நீரும் வராதியும்." துணியை மடித்துப் பெட்டியின் மேல்தட்டில் அவரே வைத்தார். ஆணி இறங்கியது.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மழை பெய்தது. தளம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்குத்தான் தூக்கம் இல்லை. கார்த்திகை முதல் வாரம் வியாழக்கிழமை பதில் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, நிற்க வைத்தே கடிதத்தைப் படித்தார். அந்தக் கறுப்புக் கட்டம் வேண்டும். முன்பு எந்தக் கட்டத்துக்கும் வராத அளவு ஆர்டர். இரட்டைக் கோட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம், அங்குள்ள பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் இது அந்தத் துணி என்று அடையாளம் சொல்கிறார்களாம்.

நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். எப்படியும் ஒரு வார்த்தை வரும் என்று, அதைத் தன்னடக்கத்தோடு மறுக்கும் வாசகத்தைக்கூட மனத்துக்குள் தயார் செய்துவிட்டேன்.

முதலாளி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "சரி, தை மாசம் கப்பல் இருக்கு. அதுக்கு என்ன வச்சிருக்கீரு?"

எதுவும் வைத்திருக்கவில்லை. ஒரு ஜன்னலில் ஒரு கட்டம்தான் இருக்கும். அன்று மாலை ராயபுரத்துத் தெருக்களில் கால் போனபடி நடந்தேன். ஓர் இடத்தில் பழைய இரும்புக் கேட் ஒன்று கண்ணில் பட்டது. கம்பிகள் அடியில் நெருங்கி, மேலே விரிந்து, நடுவில் எதையோ இடித்து வளைந்திருந்தன. சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தேன். முதல் தடவையாகத் தேதி போடாமல் கோடு வரைய ஆரம்பித்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் வந்தார். "ஆருய்யா அது? எங்க கேட்டாண்ட இன்னா வேல?"

"ஒன்றுமில்லை, ஐயா. துணி வேலை செய்கிறவன். இந்தக் கேட்டை ஒரு தடவை அளந்துகொள்ளலாமா?"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கோ கேள்விப்பட்ட ஆள் என்பது அவர் முகத்தில் மெதுவாகத் தெளிந்தது.

"நல்லா அளந்துக்க நைனா" என்றார். "ஆனா பெயிண்ட சொரண்டன, கைய ஒட்சிருவேன்."